அடைப்புக்குறிக்குள்

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
மெய்யெழுத்தின் புள்ளியையும் கணக்கில் சேர்க்கிறது மென்பொருள்.
எல்லீஸ் நகர், மூன்றாம் மாடி,
இரவு பதினொன்றுக்கு மேல்
அடுத்தவர் பேச்சைத் தட்டச்சு செய்கிறேன்.
நிமிடக் கணக்கில் கூலி.
மூச்சு விட்டாலும் எழுத வேண்டும்.
[பெருமூச்சு]
சில நாள் அது கதாநாயகியுடையதா
என்னுடையதா என்று
பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கீழ்வீட்டு ரெஜினா
பைபாஸ் ரோட்டு லேபில் ரத்தம் எடுப்பவள்.
பதினாலு வயதில் வந்த காய்ச்சல்
காதுகளை மட்டும் வாங்கிக்கொண்டு போனது.
தொடர் வெளியான மறுநாள் காலை
அவளிடமிருந்து வாட்ஸப் வரும்.
வணக்கம் கிணக்கம் ஒன்றும் இருக்காது.

'பதினேழாவது நிமிசம்.
அவன் வாய் வந்தாய்ங்கங்குது.
நீ வந்தார்கள்னு போட்டிருக்க.
யாரு, கலெக்டரா வந்தாரு?'

கம்பெனி விதி என்றேன்.
எல்லா ஊருக்கும் புரிய வேண்டுமாம் என்றேன்.
'அருவாளோட ஓடுறவன்
இலக்கணம் பாத்து ஓடுவானா?'
அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

அப்புறம் இசை.
[இசை] என்று போட்டுவிட்டு
டீ குடிக்கப் போகிற ஆள்தான் நான்.
'குழம்புன்னு எழுதிக் குடுத்தா
புளியா கறியான்னு எப்படித் தெரியும்?
கல்யாணமா, எழவா, அதச் சொல்லு.'
அன்றிலிருந்து
[தூரத்தில் கொட்டு. தெரு திரும்புகிறது]
என்பது போல ஏதேதோ எழுதுகிறேன்.
பாதியைச் சென்னையில் ஒருவர் வெட்டிவிடுகிறார்.

செல்போன் அதிர்வதை
அவளுக்கு நான் விளக்கத் தேவையில்லை,
உள்ளங்கைக்கு அது தெரியும்.
டீக்கடையில் பணம் போட்டால் பேசும் பெட்டியைப் பற்றித்தான் கேட்டாள்:
'அது ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?'
தினமும் கேட்கிற எனக்கே
இறங்கிப் போய்
ஒரு வடை வாங்கித்தான் சொல்ல முடிந்தது.

போன மாதம் ஒரு கேள்வி.
'கீழ ஒண்ணும் ஓடலேன்னா
நான் என்னன்னு நெனைக்க?
அவய்ங்க சும்மா இருக்காய்ங்களா,
நீ தூங்கிட்டியா?'

ஆறு வருடமாக இந்த வேலை.
காலியிடம்தான் அமைதி என்று நினைத்திருந்தேன்.
[அமைதி] என்று எழுதினேன்.
எழுதும் முன் ஒருமுறை காது கொடுத்தால்
மின்விசிறி, ஒரு நாய்,
யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம்.
அமைதி என்பது பொய்.
அழித்துவிட்டு
[யாரும் பேசவில்லை] என்று போட்டேன்.

இந்த வாரம் கடைசிப் பாகம்.
வைகைப் பாலம். அவள் ஊரைவிட்டுப் போகிறாள்.
அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறான்.
பின்னால் அரசு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போக,
வயலின்கள் வேறு மேலே ஏறி உட்கார,
அவள் ஏதோ சொல்கிறாள்.
பதினோரு முறை கேட்டேன்.
ஹெட்போன் மாற்றிக் கேட்டேன்.
வசனப் பிரதியில் அந்த இடத்தில்
வெறும் மூன்று புள்ளி.
எழுதி அனுப்பிவிட்டேன்:
[கேட்கவில்லை]

காலையில் ரெஜினா.
முதலில் சிரிப்புப் பொம்மைகள், ஒரு வரிசை.
'ஒனக்குமா?'
பிறகு,
'பைக் சாவி என்கிட்டயே இருக்கு.
இதான் சொல்றா.'

நிச்சயமாகவா?

'பஸ் எனக்குக் குறுக்க வரலயே.'

ஓட்டிப் பார்த்தேன், சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு.
பை என்று உதடு ஒட்டிப் பிரிகிறது.
வி-க்குக் கீழுதட்டில் பல் படுகிறது.
அவள் கைப்பையைத் தொடுகிறாள், அதையும்
இப்போதுதான் பார்க்கிறேன்.

திருத்தம் அனுப்ப நேரம் கடந்துவிட்டது.
கோப்பைப் பூட்டிவிட்டார்கள்.
ஊரெல்லாம் அதைக் காதல் வசனம் என்று
நினைத்து அழுதுகொண்டிருக்கும்.

நான் படி இறங்கினேன்.
அவள் வீட்டு அழைப்பு மணியை அமுக்கினால்
உள்ளே ஒரு பச்சை விளக்கு எரியும்.
அமுக்கினேன்.

[யாரும் பேசவில்லை]